பாதியில் நின்றுவிட்ட மடிப்புக் கூரை: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

ஈத்தாமொழி தென்னை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான இரண்டு கதவு ஜெர்மன் கார். துணிக்கூரை கொண்டது. பொத்தானை இழுத்தால் டிக்கியின் ஓரத்தில் உள்ள ஹைட்ராலிக் பம்ப் (ஆயில் அழுத்தத்தால் தூக்கும் பம்ப்) இயங்கி, கூரையை மடித்து, பின்னிருக்கைக்குப் பின்னால் உள்ள குழிக்குள் இறக்கி, மேலே ஒரு மூடியையும் சாத்திவிடும். மாடல் பெயரைப் போட்டால் பேச்சு முழுவதும் அந்த நிறுவனத்தைத் திட்டுவதிலேயே போய்விடும் என்பதால் தவிர்த்திருக்கிறேன். தேவைப்படுவோர் தனிச்செய்தியில் கேட்கலாம்.

சனிக்கிழமை மாலை முட்டத்திலிருந்து திரும்பும் வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டபடியே கூரையை மூட முயன்றேன். மூடி திறந்தது, கூரை எழுந்தது, ஆனால் நடுவில் வரும்போது பம்பின் சத்தம் தேய்ந்து முனகலாகிப் பிறகு அடியோடு நின்றுவிட்டது. திரையில் கூரை பூட்டப்படவில்லை என்ற எச்சரிக்கை மட்டும் வருகிறது. மெதுவாக ஊர்ந்து வீடு வந்து சேர்ந்து, ஷெட்டில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன்.

போன மாதமே கூரை வழக்கத்தைவிட மெதுவாக ஏறுகிறது என்று அண்டை மாநிலத்தில் உள்ள ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். அவர்கள் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, பம்பையும் கூரையைத் தள்ளித் தூக்கும் சிலிண்டர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று கூறி, லட்சத்தைத் தாண்டிய ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை எவை என்று தெரிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

துபாய்வாழ் தக்கலையான்

அண்ணாச்சி, காரணத்தைப் பிறகு தேடலாம். முதலில் கூரையைக் கையால் மூடிவிடுங்கள். பாதி எழுந்த நிலையில் வண்டியை மறுபடியும் ஓட்டவே கூடாது. நம் ஊர்க் காற்று கூரையின் அடியில் புகுந்தால் சட்டத்தின் இணைப்புகள் வளைந்துவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கும் மாவட்டத்தில் இதை நான் விளக்கத் தேவையில்லை.

பெரும்பாலான ஹைட்ராலிக் கூரைகளில், பம்பின் உடலிலேயே அழுத்தத்தை விடுவிக்கும் ஒரு திருகு இருக்கும். அது எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள். திருகைத் திறப்பதற்கு முன் இருவர் இரண்டு பக்கமும் நின்று கூரையின் சட்டத்தைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும், ஏனெனில் அழுத்தம் போன அந்த நொடியில் கூரையின் முழு எடையும் கைக்கு வரும். சில வண்டிகளில் சாவியை அணைத்துச் சற்று நேரம் சென்றதுமே கூரை தானாகத் தாழ்ந்துவிடுவதும் உண்டு. மடக்குக் கத்தரிகள் போலச் சேரும் அந்த இணைப்புகளுக்கு நடுவில் விரலை வைக்காதீர்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். இருபுறமும் ஒரே அளவாக இழுத்து, முன் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்தி, உள்ளிருந்து ஆலன் கீயால் பூட்டைத் திருகிவிட்டால் மழைக்குத் தற்காலிகமாகப் போதும்.

குளச்சல் கடற்கரைச் சாலை

பம்பைக் குற்றம் சொல்வதற்கு முன், கூரை இயங்குவதற்கு வண்டி என்னென்ன நிபந்தனைகளை எதிர்பார்க்கிறது என்று ஒருமுறை பாருங்கள். டிக்கி முழுமையாகப் பூட்டியிருக்க வேண்டும். கூரை மடிந்து இறங்கும் இடத்தையும் சாமான் வைக்கும் இடத்தையும் பிரிக்கும் தடுப்பு, அதற்குரிய கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். மெர்சிடிஸ் எஸ்எல்கே வைத்திருப்பவர்கள் பலர் அந்தத் தடுப்புத் திரையை மாட்ட மறந்துவிட்டுக் கூரை கெட்டுவிட்டது என்று பட்டறைக்கு ஓடுவதுண்டு. வேகத்துக்கும் வரம்பு உண்டு: மினி கன்வெர்டிபிளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை, ஆடி ஏ3 கேப்ரியோலேயில் 50 கிலோமீட்டர் வரை கூரையை இயக்கலாம், அதைத் தாண்டினால் நின்றுவிடும். அடுத்தடுத்துப் பலமுறை திறந்து மூடினாலும் மோட்டார் சூடாகாமல் இருக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டி சிறிது நேரம் மறுத்துவிடும்.

பேட்டரியையும் சோதியுங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2க்குக் கீழே வந்திருந்தால் பாதிதான் என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் இவ்வகை வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வெளியே வருகின்றன. பேட்டரி இளைத்துப் போவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

திருவட்டாறு ரப்பர்

இவ்வளவு தூரம் சுற்ற வேண்டியதில்லை. சத்தம் தேய்ந்து நிற்கிறது என்றால் ஆயில் குறைந்திருக்கிறது அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. என் மைத்துனரின் வண்டியில் இதே நிலை வந்தபோது பட்டறைக்காரர் பிரேக் ஆயிலை ஊற்றினார், அன்றே கூரை மூடியது.

மார்த்தாண்டம் வயரிங்

பிரேக் ஆயிலை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களில் கூரைக்குப் பயன்படுவது கனிம எண்ணெய் வகை ஹைட்ராலிக் திரவம். அதற்கேற்ற ரப்பரில்தான் சிலிண்டர்களின் சீல்கள் செய்யப்பட்டிருக்கும். பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அது அந்தச் சீல்களை ஊதிப் பெருக்கச் செய்து மென்மையாக்கிவிடும். முதல் நாள் கூரை மூடும் என்பது உண்மைதான். ஆயில் அளவு கூடியதால் மூடியிருக்கும். சில மாதங்களில் ஒவ்வொரு சிலிண்டராகக் கசியத் தொடங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும்.

இனி நண்பரின் வண்டிக்கு வருகிறேன். இத்தகைய கூரை ஒரே மூச்சில் நகர்வதுபோலத் தெரிந்தாலும் உண்மையில் படிப்படியாகத்தான் நகர்கிறது. மூடி முழுவதும் திறந்துவிட்டது என்று ஒரு மைக்ரோ சுவிட்ச் சொன்னால்தான் கூரை எழும்பும். கூரை குறிப்பிட்ட உயரத்தைத் தொட்டுவிட்டது என்று இன்னொன்று சொன்னால்தான் மூடி சாத்தும். இப்படியே கடைசிப் பூட்டு வரை. ஒவ்வொரு படிக்கும் இவ்வளவு நேரம் என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் எழுதப்பட்டிருக்கும். அந்த நேரத்துக்குள் அடுத்த சுவிட்சிலிருந்து பதில் வராவிட்டால், பெட்டி பம்பை நிறுத்திவிட்டு ஒரு பிழைக் குறியீட்டைப் பதிந்துகொள்ளும். ஆகவே ஸ்கேனரில் வந்த பிழை பெரும்பாலும் 'நேரம் கடந்துவிட்டது' என்பதாகத்தான் இருந்திருக்கும். நேரம் ஏன் கடந்தது என்பதை ஸ்கேனர் சொல்லாது, அதை மனிதர்தான் தேட வேண்டும்.

உங்கள் விவரிப்பில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. கூரை ஒரே நாளில் நிற்கவில்லை, ஒரு மாதமாக மெதுவாகியிருக்கிறது. நிற்கும் முன் பம்பின் சத்தம் தேய்ந்திருக்கிறது. சுவிட்ச் கெட்டிருந்தால் பம்ப் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென வெட்டியதுபோல நின்றிருக்கும். ஆயில் குறைவாக இருந்தால் பம்ப் சுமையின்றிக் கிறீச்சென்று வேகமாகச் சுற்றியிருக்கும், முனகாது. முனகல் என்பது மோட்டாருக்குப் போதிய மின்சாரம் கிடைக்கவில்லை, அல்லது எதிரே ஏதோ இறுகித் தடுக்கிறது என்பதன் அடையாளம்.

எனவே வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள். சும்மா கனெக்டரைக் கழற்றி வோல்ட் பார்த்தால் 12.5 காட்டும், அதை நம்பி ஏமாந்துபோகக் கூடாது. மின்னோட்டம் ஓடாதபோது துருப்பிடித்த கம்பிகூட முழு வோல்ட்டைக் காட்டும். என்ஜின் ஓடட்டும், உதவிக்கு ஒருவர் பொத்தானை இழுத்துப் பிடிக்கட்டும், பம்ப் முனகும் அந்தச் சில நொடிகளில் மூன்று இடங்களை அளந்து எழுதுங்கள்: பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே; பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பம்பின் பாசிட்டிவ் வயருக்கும் இடையே; பம்பின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே. பம்புக்கு ஓட வேண்டிய ஆம்பியர் அதிகம் என்பதால் இணைப்பில் சிறு குறை இருந்தாலும் அந்த இடத்தில் வோல்ட் விழுந்து தெரியும்.

களியக்காவிளை எல்லை

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சந்தையில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனர்கள் என்ஜின் பிழைகளை மட்டுமே படிக்கும். கூரையின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேச அந்தந்த நிறுவனத்துக்குரிய ஸ்கேனர் வேண்டும். பிழை எதுவும் இல்லை என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கதவுக் கண்ணாடிகளின் நிலையை வண்டி மறந்துவிடும். ஒவ்வொரு கண்ணாடியையும் முழுவதும் ஏற்றிப் பொத்தானைப் பிடித்திருந்து பழையபடி கற்றுக்கொடுக்கும் வரை கூரை அசைய மறுக்கும் மாடல்களும் இருக்கின்றன.

ஈத்தாமொழி தென்னை

அனைவருக்கும் நன்றி. பக்கத்து வீட்டு அண்ணன் உதவியோடு கூரையைக் கையால் மூடிப் பூட்டிவிட்டேன். கையேட்டில் சொன்னபடி ஆயில் தொட்டியைப் பார்த்ததில் அளவு இரண்டு கோடுகளுக்கும் இடையில்தான் இருக்கிறது. சிலிண்டர்களின் கீழே ஈரமோ பிசுக்கோ இல்லை. டிக்கித் தடுப்பு கொக்கியில்தான் இருந்தது.

மல்டிமீட்டர் அளவுகள், என்ஜின் ஓட, பம்ப் முனகும்போது எடுத்தவை: பேட்டரியில் 13.8 வோல்ட். பாசிட்டிவ் பக்கத்து வீழ்ச்சி 0.3. எர்த் பக்கத்து வீழ்ச்சி 3.9. மீட்டர் தவறோ என்று வேறொரு மீட்டரிலும் பார்த்தேன், அதே அளவுதான்.

மார்த்தாண்டம் வயரிங்

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. 13.8இல் 4.2 வோல்ட் வழியிலேயே போய்விட்டது. உங்கள் பம்புக்குக் கிடைப்பது 9.6 வோல்ட் மட்டுமே. அந்த 9.6ஐ வைத்துக்கொண்டு அது கூரையைப் பாதி உயரம் தூக்கியிருக்கிறதென்றால் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது என்றே நான் கொள்வேன்.

மோட்டார் உள்ளே இறுகி அளவுக்கு மீறி ஆம்பியர் இழுத்திருந்தால் இரு பக்கமும் வீழ்ச்சி கூடியிருக்க வேண்டும். பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மின்சுவிட்சான ரிலேயின் முனை கருகியிருந்தால் பாசிட்டிவ் பக்கம் காட்டியிருக்கும். இங்கே எர்த் பக்கம் மட்டும் தனியாக விழுகிறது. இவ்வளவு ஆம்பியர் ஓடும் கம்பியில் எர்த் பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல் விழுந்தாலே நான் கழற்றிப் பார்த்துவிடுவேன். பம்பிலிருந்து வரும் பழுப்பு அல்லது கறுப்பு நிறத் தடித்த வயரைப் பின்தொடருங்கள். அது டிக்கிக் கம்பளத்தின் அடியில் எங்கோ ஒரு போல்ட்டில் போய் முடியும். அந்தப் போல்ட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கூடவே, கூரை மடியும் குழியின் இரு மூலைகளிலும் தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

திருவட்டாறு ரப்பர்

ஒரு போல்ட்டுக்காகவா ஒரு பெரிய சர்வீஸ் சென்டர் லட்ச ரூபாய் எழுதிக் கொடுக்கும்? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அளவு குறிப்பது ஒருபுறம் இருக்கட்டும், பம்பைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

துபாய்வாழ் தக்கலையான்

ஐயா, கூரைகளின் வரலாறே வயரில்தான் இருக்கிறது. 1957 முதல் 1959 வரை ஃபோர்டு தயாரித்த ஸ்கைலைனர் காரில் உலோகக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகும். ஹைட்ராலிக் கிடையாது, எல்லாம் மின்மோட்டார்கள்; அதற்காக ஏறத்தாழ 600 அடி வயரும் பத்து ரிலேக்களும் வைத்திருந்தார்கள். மோட்டார்கள் எளிதில் சாவதில்லை, அவற்றை நம்பி இருக்கும் இணைப்புகள்தாம் முதலில் சாகின்றன.

ஈத்தாமொழி தென்னை

போல்ட் கிடைத்துவிட்டது. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே, டிக்கியின் பக்கவாட்டுப் பள்ளத்தில் இருந்தது. கம்பளத்தைத் தூக்கியதும் அடியில் இருந்த பஞ்சு அட்டை பிழிந்தால் நீர் சொட்டும் அளவுக்கு ஊறியிருந்தது. அந்தப் போல்ட்டில் மூன்று வயர்களின் லக்குகள் (வயர் நுனியில் போல்ட்டில் மாட்டும் உலோக வளையங்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மேலே இருந்த இரண்டும் மங்கலாக இருந்தாலும் முழுசாக இருந்தன. அடியில் உடலோடு ஒட்டியிருந்த பம்பின் லக் பச்சைப் பூச்சு பிடித்து, ஓரம் உதிர்ந்து, நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. வயரின் உறையை ஓர் அங்குலம் உரித்துப் பார்த்தேன், உள்ளே செம்பு இழைகள் கறுத்திருந்தன. பாதி இழைகள் லக்கின் கழுத்தில் அறுந்தே போயிருந்தன.

குழியின் மூலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது வடிகால் துளையே கண்ணில் படவில்லை. எங்கள் ஷெட் தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. பாளை வெடித்த பிறகு உதிரும் அந்தச் சிறு மஞ்சள் பூக்கள் ஆண்டு முழுவதும் கூரையின் மேல் விழும். கூரையைத் திறக்கும்போதெல்லாம் அவை குழிக்குள் சரிந்து, மண்ணோடும் மழைநீரோடும் சேர்ந்து, துளையின் வாயில் பிண்ணாக்காக இறுகிப்போயிருக்கின்றன. வலப்பக்கத் துளை ஓரளவு திறந்திருக்கிறது; இடப்பக்கம் முற்றிலும் அடைத்திருக்கிறது. ஷெட்டில் வண்டியின் இடப்பக்கம்தான் மரத்தடியில் நிற்கும்.

இதை எப்படிச் சரிசெய்வது? வடிகாலில் பஞ்சர் கடையின் காற்றைப் பிடித்து அடிக்கலாமா?

மார்த்தாண்டம் வயரிங்

காற்று அடிக்க வேண்டாம். வடிகால் குழாய் உள்ளே வெறும் அழுத்தப் பொருத்தத்தில்தான் மாட்டியிருக்கும். அழுத்தமாகக் காற்று போனால் நடுவில் கழன்று, இனி வரும் தண்ணீர் முழுவதும் வண்டிக்குள்ளேயே கொட்டும். அப்புறம் அதை மாட்டுவதற்குப் பின்பகுதியையே பிரிக்க வேண்டியிருக்கும். இரும்புக் கம்பியும் வேண்டாம், ரப்பரைக் கிழித்துவிடும். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் தடித்த நைலான் நரம்பு நாகர்கோவிலில் விவசாயக் கருவிக் கடைகளில் கிடைக்கும். அதன் முனையைத் தீயில் காட்டி உருண்டையாக்கிக்கொண்டு, மேலிருந்து மெதுவாகத் திருகித் திருகி இறக்குங்கள். முதலில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் பூத்தூள் இளகும். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் சக்கரத்தின் பின்னால் தரையில் விழ வேண்டும், அதுவரை விடாதீர்கள்.

எர்த்துக்கு வருவோம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கறுத்த இழைகள் உள்ள பகுதியை வெட்டி எறியுங்கள்; செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டியாக வேண்டும், நீளம் குறைந்தால் அதே தடிமனில் ஒட்டுப் போடலாம். ஈயம் பூசிய செம்பு லக்கை அழுத்தக் கருவியால் இறுக்குங்கள்; கட்டிங் பிளேயரால் நசுக்குவது அடுத்த மழைக்காலம் வரைகூடத் தாங்காது. போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகம் தெரியச் செய்யுங்கள். பம்பின் லக்கை மட்டும் தனிப் போல்ட்டுக்கு மாற்றிவிடுவது என் வழக்கம், ஏனெனில் மூன்று லக் ஒரே இடத்தில் அடுக்கினால் நடுவில் ஈரம் தங்கும். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவுங்கள். இறுக்குவதற்கு முன் தடவக் கூடாது.

கடலிலிருந்து நான்கைந்து கிலோமீட்டருக்குள் நிற்கும் வண்டிகளில் இந்த இணைப்பு கெடுவது எனக்குப் புதிதல்ல. உப்புக் காற்று மட்டும் என்றால் பல ஆண்டுகள் ஆகும். உப்புக் காற்றோடு உலராத தண்ணீரும் தேங்கி நின்றால் மிக விரைவில் நடந்துவிடும்.

குளச்சல் கடற்கரைச் சாலை

இடையில் ஒரு கேள்வி. இதற்கெல்லாம் காப்பீட்டில் பணம் கேட்க முடியுமா?

களியக்காவிளை எல்லை

முடியாது. நம் நாட்டின் வழக்கமான மோட்டார் காப்பீட்டில் இயந்திரக் கோளாறு, மின்கோளாறு, தேய்மானம் மூன்றும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. மரம் விழுந்து கூரை கிழிந்தால் கேட்கலாம், பூ விழுந்து அடைத்ததற்குக் கேட்க வழியில்லை.

ஈத்தாமொழி தென்னை

வேலை முடிந்தது. திங்கள்சந்தையில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் லக் போட்டுக்கொண்டு, தனிப் போல்ட்டில் இறுக்கினேன். அளவுகள்: பேட்டரியில் 13.8, பாசிட்டிவ் வீழ்ச்சி 0.3, எர்த் வீழ்ச்சி 0.1. கூரை முன்பு புதிதாக இருந்தபோது ஏறிய வேகத்தில் ஏறுகிறது, முனகல் இல்லை. இரண்டு வடிகால்களிலும் தண்ணீர் தரைக்கு வருகிறது. பஞ்சு அட்டையைக் கழற்றி வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். திருவட்டாறு நண்பருக்கு: பம்பைக் கழற்றவில்லை.

ஒரே ஒரு சிறு குறை இருக்கிறது. கூரை மடியும்போது இடப்பக்க ஓரத் துணி உள்வாங்காமல் வெளியே பிதுங்கி, சட்டத்தில் சிக்கிக்கொள்ளப் பார்க்கிறது. கையால் உள்ளே தள்ளிவிட்டால் சரியாகிவிடுகிறது. இதுவும் ஈரத்தின் விளைவா?

திருவட்டாறு ரப்பர்

நல்லது. இருந்தாலும் பம்பின் ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று இப்போது சொல்ல முடியாது. பார்ப்போம்.

மார்த்தாண்டம் வயரிங்

துணி பிதுங்குவது வேறு சங்கதி. ஓரத் துணியை உள்ளே இழுப்பதற்கென்று சட்டத்தின் உட்புறத்தில் இழுவைப் பட்டையோ மெல்லிய கம்பியோ இருக்கும். அது நைந்து தளர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன். உட்கூரைத் துணியை ஓரமாக விலக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். தையல் கடையில் கிடைக்கும் சாதாரண எலாஸ்டிக் போடாமல், சோபா தைப்பவர்கள் வைத்திருக்கும் அகலமான தடித்த பட்டையை அதே நீளத்தில் தைக்கச் சொல்லுங்கள். அது சரியாகும்வரை கூரையைத் திறக்கும்போது ஒருவர் அந்தப் பக்கம் நின்று துணியைக் கவனிக்கட்டும். ஒருமுறை இணைப்பில் கடித்துக் கிழிந்துவிட்டால் துணி முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு பம்பைவிடக் குறைவாக இருக்காது. பட்டையின் படத்தைப் போடுங்கள், அகலம் பார்த்துச் சொல்கிறேன்.